பிடித்தம்

அப்பாவுக்கு வேலை இல்லை என்று
ஒரு சத்தியப் பத்திரம் கேட்டிருந்தார்கள் விண்ணப்பத்தோடு.
காவல் நிலையத்தில் வரிசை.
எங்களுக்கு முன்னால் கைபேசி தொலைத்த ஒருவர்,
பின்னால் கண்ணாடி உடைந்த கார்க்காரர்.
வலது கையைத் தூக்கச் சொன்னார் சார்ஜென்ட்.
அப்பா தூக்கினார்,
பேருந்தை நிறுத்துகிறவரைப் போல.
முத்திரை விழுந்தது.
துணி ஆலைச் சாயப் பிரிவில் இருபத்தாறு வருடம் நின்றவர்
ஆலை மூடி ஏழு வருடம் கழித்து
அன்றைக்குத்தான்
அதிகாரபூர்வமாக வேலையற்றவர் ஆனார்.

இனம் என்ற இடத்தில் கட்டங்கள்.
ஒன்றில் கோடு போட்டேன்.
இத்துறையில் குறைவாக இருப்போருக்கு முன்னுரிமை
என்று கீழே பொடி எழுத்து.
குறைவாக இருப்பது எனக்குப் பழக்கம்தான்.
பட்டம் பெற்றபின் இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?
மூன்று வரி விட்டிருந்தார்கள்.
பல்பொருள் அங்காடி, ஆறாம் எண் கல்லா.
மீதி இரண்டு வரியும் வெறுமையாகவே போயின.

அங்கே எழுதாதது:
கல்லாவில் இருபது ராண்ட் குறைந்தால்
இருபது ராண்ட் பிடித்தம்.
ஊறுகாய் ஜாடி உடைந்தால் ஜாடி.
ஒரு வியாழக்கிழமை யாரோ தந்த கள்ள நோட்டு, இருநூறு.
அந்த வாரம் டாக்ஸிக்குக் காசில்லாமல்
நடந்தே போய் நின்றேன்,
உயிர்வேதியியல் படித்த விரல்களோடு.

இப்போது நான்காம் மாடி.
ஜன்னலில் டர்பன் துறைமுகத்தின் கிரேன்கள்.
எனக்கும் நோக்வாண்டாவுக்கும் ஒரே மேசை.
நோங்கோமாவிலிருந்து வந்தவள்,
குடுவைகளோடு சுலுவில் பேசுவாள்.
நான் பேசுவதில்லை. எண்ணுவேன்.

உணவுக்குழாய்ப் புற்றுச் செல்கள்.
யாருடைய தொண்டையோ.
பெயர் கிடையாது, ஓர் எழுத்தும் மூன்று எண்ணும்.
முப்பத்தேழு டிகிரி வேண்டும் அவற்றுக்கு,
இளஞ்சிவப்புத் திரவம் வேண்டும்,
ஞாயிறு தெரியாது, தைப்பூசம் தெரியாது.
காவடி புறப்பட்ட காலையில்
நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன்.
மின்சாரம் போனால்
ஜெனரேட்டர் உறுமும் வரை
இன்குபேட்டர் கதவில் கைவைத்து நிற்போம் இருவரும்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி.

ஆறாவது வாரம், இருபத்தைந்தாம் தேதி.
திறந்தேன்.
திரவம் கலங்கியிருந்தது.
நுண்ணோக்கியில் நூல் நூலாகப் பூஞ்சை,
பிடி விட்டு மிதக்கும் செல்கள்.
பத்துக் குடுவை. பத்தும்.
முந்தாநாள் தும்மல் வந்தபோது
முகத்தைத் திருப்பினேனா?
பிளீச் ஊற்றினேன்.
இளஞ்சிவப்பு ஊதாவாகி
பிறகு எந்த நிறமும் இல்லை.
மனசுக்குள் கல்லா படாரென்று திறந்துகொண்டது:
குடுவை இத்தனை, சீரம் இத்தனை,
மூன்று வாரம் இத்தனை.

கைபேசி அதிர்ந்தது.
வங்கி.
முதல் உதவித்தொகை.
ஒரு சென்ட் குறையவில்லை.
தவறாக வந்திருக்கிறதென்று சொல்ல எழுந்தேன்.
முழங்கையால் தோளை அழுத்தி
உட்கார வைத்தாள் நோக்வாண்டா.
"எழுது. தேதி போட்டு. தும்மலையும் சேர்த்து.
போன மாதம் நான் பதினான்கு."
எழுதினேன்.
இதற்கும் சேர்த்துத்தான் பணம் என்பது
பக்கம் திருப்பும்போதுதான் உறைத்தது.

இரவு. மீர்பேங்க்.
சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்துக் காற்று,
ஜன்னல்களைச் சாத்தியிருந்தார் அப்பா.
பையை மேசையில் வைத்தேன்.
நான்கு டின் மீன், நல்ல அரிசி, அவருக்கு ஒரு ரேசர்.
"இன்னிக்கு என்ன வேலை?"
"எல்லாச் செல்லையும் சாகடிச்சுட்டேன்."
"கேன்சர் செல்லா?"
"ஆமா."
டின்னின் மூடியைப் பாதி சுழற்றி நிறுத்தினார்.
"அப்போ நல்லதுதானே."

விளக்க வாய் திறந்தேன்.
சிரிப்புதான் வந்தது, கண்ணில் நீர் முட்டும் வரை.
அவர் சிரிக்கவில்லை.
மீன்குழம்புக்குப் புளி ஊறப்போட்டார்.

காலையில் உறைகலனிலிருந்து
ஒரு குப்பியை எடுத்து உருக்க வேண்டும்.
அதே தொண்டை.
அதே மூன்று எண்.